டக்சீடோ: ஓநாயா, ஆறா, வேலியா?

ஜேம்ஸ் பாண்ட் படங்களில் ஒரு காட்சி கட்டாயம் வரும். ஹீரோ சூதாட்ட விடுதிக்குள் நுழைவார். கறுப்புக் கோட்டு, அதன் காலரில் பளபளக்கும் பட்டு, வெள்ளை வெளேர் சட்டை, கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி ஒரு கறுப்பு டை. அந்த உடைக்குத்தான் அமெரிக்காவில் டக்சீடோ என்று பெயர். இங்கிலாந்துக்காரரைக் கேட்டால் 'டின்னர் ஜாக்கெட்' என்பார். (நம்மூரில் ஜாக்கெட் என்றால் வேறு அர்த்தம் என்பதால் அந்தப் பெயரை நான் இங்கே தவிர்க்கிறேன்!) கணினி படிக்கும் நண்பர்களுக்கு இன்னொரு அடையாளம் சொல்லலாம். லினக்ஸின் பென்குயின் பொம்மைக்குப் பெயர் 'டக்ஸ்'. 1996ல் அந்தப் பெயரை வைத்தவர் டோர்வால்ட்ஸ், யுனிக்ஸ் என்ற இரண்டையும் சேர்த்து வைத்தார். ஆனாலும் கறுப்பு வெள்ளையில் நிற்கும் பென்குயினைப் பார்த்தால் யாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது டக்சீடோதான்.

இந்தச் சொல்லைப் பற்றி ஒரு துணுக்குச் செய்தி அடிக்கடி சுற்றி வரும். 'டக்சீடோ என்றால் செவ்விந்தியர் மொழியில் ஓநாய் என்று அர்த்தம், ஆகவே டக்சீடோ போட்ட ஆண்கள் எல்லோரும் ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய்கள்' என்கிற மாதிரி. படித்துச் சிரித்துவிட்டு அடுத்தவருக்கு அனுப்பிவிடுகிறோம். என் கருத்து என்னவென்றால், இந்தத் துணுக்கு ஒரு நல்ல கதையின் கடைசி வரியை மட்டும் பிய்த்துக்கொண்டு வந்தது. முழுக் கதையைப் படித்தால் சிரிப்பு கொஞ்சம் குறையும், யோசனை கொஞ்சம் கூடும். அந்த முழுக் கதையைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் உடை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வசதியான வீட்டு ஆண்களுக்கு மாலை உடை என்றால் அது வால் கோட்டுதான். முன்பக்கம் இடுப்போடு வெட்டப்பட்டு, பின்பக்கம் இரண்டு வால் முழங்கால் வரை தொங்கும். கூடவே வெள்ளை இடைச்சட்டை, வெள்ளை டை, கஞ்சி போட்டுப் பலகை மாதிரி நிற்கும் சட்டை. விருந்து, நாடகம், நடனம் எதற்கும் இதுதான். இதைப் போட்டுக்கொண்டு சாய்ந்து உட்காரவே முடியாது என்று பார்த்தாலே தெரியும்.

சாப்பாடு முடிந்ததும் ஆண்கள் மட்டும் தனி அறைக்குப் போய்ப் புகைபிடிப்பார்கள். அந்த நாற்றம் நல்ல உடையில் ஏறக்கூடாது என்பதற்காக வெல்வெட்டிலோ பட்டிலோ தைத்த ஒரு குட்டைக் கோட்டை மாட்டிக்கொள்வார்கள். அதற்கு 'ஸ்மோக்கிங் ஜாக்கெட்' என்று பெயர். இன்றைக்கும் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் டக்சீடோவுக்குப் பெயர் 'ஸ்மோக்கிங்' என்பதுதான். ஆங்கிலச் சொல்லைக் கடன் வாங்கி, ஆங்கிலேயர்களுக்கே புரியாத அர்த்தத்தில் வைத்துக்கொண்டார்கள். 1966ல் பாரிஸின் ஈவ் சான் லோரான் பெண்களுக்காக இதே உடையைத் தைத்து வெளியிட்டபோதும் பெயர் 'லெ ஸ்மோக்கிங்' என்றுதான் இருந்தது.

வாலில்லாத குட்டைக் கோட்டை விருந்து மேசைக்கே கொண்டுவந்தவர் வேல்ஸ் இளவரசர் எட்வர்ட், பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னர் ஆனவர். லண்டன் சேவில் ரோவில் உள்ள ஹென்றி பூல் தையல் நிறுவனத்தின் கணக்குப்படி, 1865ல் அவர் நீல நிறத்தில் ஒரு குட்டை மாலைக் கோட்டு தைத்துக்கொண்டார். சாண்ட்ரிங்காம் பண்ணை வீட்டில் நெருங்கிய நண்பர்களோடு சாப்பிடும்போது போட்டுக்கொள்ள. அதாவது நம் பாஷையில் சொன்னால், வீட்டில் சொந்தக்காரர்கள் மட்டும் இருக்கும்போது சட்டையைக் கழற்றிவிட்டுத் துண்டோடு உட்காருவது மாதிரி! இன்று உலகத்திலேயே கெடுபிடியான உடை என்று நாம் நினைக்கும் டக்சீடோ, பிறந்தபோது 'அப்பாடா' என்று மூச்சுவிடுவதற்காகப் பிறந்தது. இதை மறந்துவிடாதீர்கள், கடைசியில் தேவைப்படும்.

இனி இடம்.

நியூயார்க் நகரத்திலிருந்து வடமேற்கே சுமார் 65 கிலோமீட்டர் போனால் ராமபோ மலைகள். அங்கே காட்டுக்கு நடுவில் ஒரு ஏரி. அந்த நிலம் லோரில்லார்ட் குடும்பத்தினுடையது. இவர்கள் புகையிலைக்காரர்கள். 1760லேயே ஆரம்பித்த வியாபாரம். (சுருட்டு என்ற நம் சொல்லைத்தான் ஆங்கிலத்தில் 'செரூட்' என்று எடுத்துக்கொண்டார்கள் என்பது இங்கே ஒரு சின்ன உபதகவல்.) அந்தக் குடும்பத்தின் பியர் லோரில்லார்ட், 1885-86ல் அந்தக் காட்டில் பணக்காரர்களுக்கான ஒரு கோடை வாசஸ்தலத்தைக் கட்டினார். புரூஸ் பிரைஸ் என்பவர் கட்டடக் கலைஞர். வீடுகள், கிளப், நடன மண்டபம், மீன்பிடிப்பு, வேட்டை, எல்லாம் உண்டு. சுற்றிலும் வேலி. வாசலில் கேட். கேட்டில் காவல். உறுப்பினர்களும் அவர்கள் விருந்தாளிகளும் மட்டும் உள்ளே போகலாம். இன்றைய 'கேட்டட் கம்யூனிட்டி'களுக்குக் கொள்ளுத்தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்துக்குப் பெயர் டக்சீடோ பார்க்.

1886 அக்டோபரில் அங்கே முதல் இலையுதிர்கால நடன விழா. லோரில்லார்டின் மகன் கிரிஸ்வோல்டும் அவருடைய நண்பர்களும் வால் வெட்டிய கோட்டோடும் ரத்தச் சிவப்பில் சாட்டின் இடைச்சட்டையோடும் வந்து நின்றார்கள். அந்தக் காலத்து வம்புப் பத்திரிகை ஒன்று, அரண்மனை எடுபிடி மாதிரி இருந்தது என்கிற தொனியில் கிரிஸ்வோல்டைக் கிண்டல் செய்தது. பல புத்தகங்களில் டக்சீடோவைக் 'கண்டுபிடித்தவர்' என்று கிரிஸ்வோல்டின் பெயர் இருக்கிறது. ஆனால் வர்ணனையைக் கவனியுங்கள். சிவப்பு இடைச்சட்டையும் வால் வெட்டிய கோட்டும் இன்றைய டக்சீடோவோடு ஒத்துவரவில்லை. அது இளவட்டங்களின் குறும்பு மாதிரிதான் தெரிகிறது.

இன்னொரு கதையில் ஜேம்ஸ் பிரவுன் பாட்டர் என்ற உறுப்பினர் வருகிறார். 1886ல் இங்கிலாந்து போனவர், இளவரசரைச் சந்தித்து, அவர் யோசனைப்படி அதே மாதிரி குட்டைக் கோட்டு தைத்துக்கொண்டு டக்சீடோ பார்க்குக்குத் திரும்பினார் என்பது கதை. மற்ற உறுப்பினர்கள் அதைப் பார்த்துத் தாங்களும் தைத்துக்கொண்டார்கள். பிறகு அதே கோட்டோடு நியூயார்க் நகரத்தின் டெல்மோனிகோ உணவகத்துக்குப் போய் உட்கார்ந்தார்கள். 'அது என்ன உடை?' 'டக்சீடோவில் போடுகிற உடை.' அவ்வளவுதான், பெயர் ஒட்டிக்கொண்டது. இந்தக் கதைதான் உடையின் வெட்டோடு பொருந்துகிறது. எது எப்படியோ, 1880களின் கடைசியிலேயே 'டக்சீடோ கோட்டு' என்ற பெயர் அமெரிக்காவில் அச்சில் வந்துவிட்டது.

ஆக, உடைக்குப் பெயர் ஊரிலிருந்து வந்தது. இதில் அதிசயம் இல்லை. ஜோத்பூரிலிருந்து குதிரைச் சவாரிக் கால்சட்டை, கோழிக்கோட்டிலிருந்து காலிகோ, காஷ்மீரிலிருந்து காஷ்மியர், நம் மெட்ராஸிலிருந்து கட்டம் போட்ட மெட்ராஸ் துணி. 1946 ஜூலையில் அமெரிக்கா அணுகுண்டுச் சோதனை நடத்திய பிகினி தீவின் பெயரை, அடுத்த சில நாளிலேயே ஒரு நீச்சலுடைக்குச் சூட்டினார்கள். அந்தத் தீவுக்காரர்கள் சொந்த மண்ணை விட்டு வெளியேற்றப்பட்ட கதை அந்த உடையை வாங்குகிற எத்தனை பேருக்குத் தெரியும்? டக்சீடோவின் கதையும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

சரி, ஊருக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?

அது லெனாப்பே மக்களின் சொல். டெலவேர் இந்தியர்கள் என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள். இன்றைய நியூயார்க் நகரமும் நியூ ஜெர்சியும் அதைச் சுற்றிய பகுதிகளும் அவர்களுடைய நாடு. 'மன்ஹாட்டன்' கூட அவர்கள் பேசிய சொல்தான். டக்சீடோவுக்கு அர்த்தமாகச் சொல்லப்படுபவை பல. ஓநாய் என்கிறது ஒரு கட்சி. இதற்கு ஆதாரம் உண்டு. லூயிஸ் ஹென்றி மார்கன் 1877ல் எழுதிய 'பண்டைய சமுதாயம்' நூலில் (ஏங்கெல்ஸ் தன் 'குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம்' நூலுக்கு அடிப்படையாகக் கொண்டது இதைத்தான்) டெலவேர்களுக்கு ஓநாய், ஆமை, வான்கோழி என்று மூன்று குலங்கள் உண்டு என்று எழுதியிருக்கிறார். ஓநாய்க் குலத்துக்கு அவர் தரும் பெயர் ஏறக்குறைய 'டூக்சீட்'. நேரடி அர்த்தம் 'உருண்டைப் பாதம்'. ஓநாயைப் பெயர் சொல்லாமல் அதன் பாதத்தை வைத்துச் சொல்கிறார்கள். நம் கிராமங்களில் இரவில் பாம்பு என்று சொல்லாமல் 'பூச்சி' என்று சொல்வார்களே, அது எனக்கு ஞாபகம் வந்தது.

இன்னொரு கட்சி, அது ஆறு அல்லது தண்ணீர் சம்பந்தப்பட்ட பெயர், 'வளைந்து ஓடும் தண்ணீர்' அல்லது 'மெதுவாக ஓடும் தண்ணீர்' என்கிறது. இன்னொரு கட்சி கரடிகளின் இடம் என்கிறது. இதெல்லாம் வேண்டாம், அங்கே வாத்தும் சீடர் மரமும் நிறைய, ஆகவே 'டக் சீடர்', அதுதான் டக்சீடோ ஆனது என்று ஆங்கிலத்திலேயே மூலம் கண்டுபிடித்தவர்களும் உண்டு :-) பெயரின் பழைய ஒலிப்பை வெள்ளைக்காரர்கள் தங்கள் காதுக்குத் தெரிந்த சொல்லாக மாற்றிக்கொண்டார்கள் என்பதைத் தவிர அதில் வேறு ஒன்றும் இல்லை.

இந்த இடத்தில்தான் துணுக்குச் செய்தி அனுப்புகிறவர்களோடு நான் வேறுபடுகிறேன். 'ஓநாய்' என்று ஒரே அடியாக முடித்துவிடாதீர்கள். ஏன் இத்தனை கட்சிகள்? ஒரு ஊர்ப் பெயருக்கு அர்த்தம் கேட்டால் அந்த ஊர்க்காரரைத்தானே கேட்க வேண்டும்? அந்த ஊர்க்காரர்கள் எங்கே?

நம்மோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தரங்கம்பாடியை ஐரோப்பியர்கள் 'டிராங்கிபார்' என்றார்கள். தூத்துக்குடி 'டூட்டிகோரின்' ஆனது. திருச்சிராப்பள்ளி 'டிரிச்சினாபொலி' ஆனது. நாளைக்குத் தமிழ் பேச ஒருவரும் இல்லை, தரங்கம்பாடியில் ஒரு தமிழரும் இல்லை, 'டிராங்கிபார்' என்ற எழுத்து மட்டும் ஒரு பழைய வரைபடத்தில் மிஞ்சியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 'பார்' இருப்பதால் அது ஒரு மதுக்கடை என்று ஒரு பண்டிதர் எழுதியிருப்பார். இன்னொருவர் வேறு ஏதாவது சொல்லியிருப்பார். 'தரங்கம் என்றால் அலை ஐயா' என்று எழுந்து சொல்ல ஆள் இருக்காது. (பேசுகிறவர்கள் கோடிக்கணக்கில் இருந்தும் 'மெட்ராஸ்' என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று நாம் இன்னும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம் என்பது வேறு விஷயம்.)

லெனாப்பே மக்களுக்கு நடந்தது அதுதான். பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் வந்ததிலிருந்து நோய், போர், நில ஒப்பந்தங்கள். 1737ல் பென்சில்வேனியாவில் நடந்தது ஒரு உதாரணம். ஒரு ஆள் ஒன்றரை நாளில் நடந்து போகும் தூரம் வரையிலான நிலம் என்று பேச்சு. வெள்ளையர்கள் முன்கூட்டியே பாதை வெட்டி, வேகமாக ஓடக்கூடிய ஆட்களை வாடகைக்குப் பிடித்து ஓடவிட்டு, சுமார் 12 லட்சம் ஏக்கரை வளைத்துக்கொண்டார்கள். நம்மூர் ரியல் எஸ்டேட்காரர்களுக்கே பாடம் எடுக்கலாம். அதற்குப் பிறகு மேற்கே மேற்கே என்று தள்ளப்பட்டு, ஒஹையோ, இண்டியானா, மிசௌரி, கேன்சஸ் என்று நகர்ந்து, ஒரு பெரும் பகுதியினர் 1867 ஒப்பந்தத்துக்குப் பின் இன்றைய ஓக்லஹோமாவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வேறு சிலர் விஸ்கான்சினிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் இருக்கிறார்கள். ராமபோ மலைப்பகுதியிலேயே தங்களை லெனாப்பே வழியினர் என்று சொல்லும் மக்களும் இன்று வாழ்கிறார்கள்.

மொழி? லெனாப்பேயில் இரண்டு பிரிவு. தெற்கே பேசிய உனாமியைத் தாய்மொழியாகச் சரளமாகப் பேசிய கடைசி மனிதர் எட்வர்ட் தாம்சன் 2002ல் இறந்துபோனார். டக்சீடோ பகுதியில் பேசப்பட்ட முன்சியை ஒன்டாரியோவில் விரல்விட்டு எண்ணக்கூடிய முதியவர்கள் மட்டுமே அறிந்திருந்தார்கள். இன்று அந்தச் சமூகத்து இளைஞர்கள் வகுப்பு வைத்துத் திரும்பக் கற்றுக்கொள்கிறார்கள். ஓக்லஹோமாவின் டெலவேர் மக்கள் முதியவர்களின் குரலைப் பதிவுசெய்து ஒரு பேசும் அகராதியே உருவாக்கியிருக்கிறார்கள். உலகம் முழுக்கத் தெரிந்த அவர்களுடைய ஒரு சொல்லை நாம் துணிக்கடையில் சொல்கிறோம். அவர்களோ தங்கள் பாட்டி வீட்டில் பேசிய சொற்களை ஒலிப்பதிவிலிருந்து மீட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

1885-86ல் லோரில்லார்ட் வேலி போட்டபோது அந்த நிலத்துக்காரர்கள் எப்போதோ துரத்தப்பட்டுவிட்டார்கள். பெயர் மட்டும் வேலிக்குள் மாட்டிக்கொண்டது. பிறகு அதுவே உள்ளே விடப்படுகிறவர்களின் உடைக்குப் பெயராகிவிட்டது. ஓநாயா ஆறா என்று மொழியியலாளர்கள் முடிவு செய்யட்டும். 1886க்குப் பிறகு அந்தச் சொல்லுக்குச் சேர்ந்த அர்த்தம் 'வேலி' என்பதே என் வாதம்.

இப்படிச் சொன்னால் ஒரு நண்பர் கேட்டார், 'அதுக்கு என்னடா இப்போ? யாரும் டக்சீடோ போடக்கூடாதா?' நியாயமான கேள்வி. நான் அப்படிச் சொல்லவில்லை. நல்ல உடை அது. உருவத்தை எடுத்துக் காட்டும். அதோடு கட்டுகிற இடுப்புப் பட்டை 'கமர்பண்ட்' கூட நம் பக்கத்துச் சரக்குதான். (கமர்கட்டு இல்லை!) பாரசீகத்தில் 'கமர்' என்றால் இடுப்பு, 'பந்த்' என்றால் கட்டு. இந்திய வெயிலில் இடைச்சட்டை போட முடியாமல் தவித்த பிரிட்டிஷ் அதிகாரிகள் அதைப் பார்த்துக் கட்டிக்கொண்டு ஊருக்கு எடுத்துப் போனார்கள். உடைகள் ஊர் தாண்டுவது நல்லதுதான். வாங்கியதும் உண்டு, கொடுத்ததும் உண்டு.

என் பிரச்னை உடையை வாசற்கதவாக மாற்றுவதில். எங்கள் துறையில் கடைசி வருடப் பிரிவு உபசார விருந்துக்கு 'ஆண்களுக்கு டக்சீடோ' என்று அழைப்பிதழில் போட்டார்கள். வாடகைக்கு எடுத்தாலே கிட்டத்தட்ட ஒரு மாத மெஸ் பில். ஹாஸ்டலில் இரண்டு பேர் 'ஊருக்குப் போகணும்' என்று காரணம் சொல்லி வரவில்லை. அவர்கள் ஊருக்குப் போகவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்கவில்லை. நான்கு வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டவர்களுக்குக் கடைசி சாப்பாட்டில் இடம் இல்லாமல் போனது ஒரு துண்டு பட்டுக் காலரால். அழைப்பிதழ் எழுதியவர்கள் கெட்டவர்கள் இல்லை. போட்டோ நன்றாக வரும் என்று நினைத்தார்கள். வேலி போடுகிறவர்கள் எப்போதும் வேலி போடுகிறோம் என்று நினைத்துப் போடுவதில்லை.

இது மாணவர் விஷயம் மட்டும் இல்லை. 2014 ஜூலையில் சேப்பாக்கத்தில் ஒரு கிளப்பில் நடந்த நூல் வெளியீட்டு விழாவுக்கு வேட்டி கட்டி வந்ததற்காக உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனையே உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே சட்டசபையில் சட்டம் கொண்டுவந்தார்கள். வேட்டிக்குத் தடை போட்டால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம் என்று. நீதிபதி என்பதால் சட்டம் வந்தது. சாதாரண ஆள் என்றால் ஆட்டோ பிடித்துத் திரும்பியிருப்பார்.

இந்த விதிகளை வைப்பவர்கள் 'மரபு' என்று ஒரு சொல் சொல்வார்கள். அவர்களுக்குத்தான் மேலே சொன்ன கதை. எந்த மரபு? டக்சீடோவே மரபை மீறிய உடை. வால் கோட்டு போட்டு வர வேண்டிய இடத்துக்கு வாலை வெட்டிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்து அன்றைய பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். எடுபிடி மாதிரி இருக்கிறது என்று பத்திரிகை எழுதியது. இன்று பெரிய ஹோட்டல்களில் உணவு பரிமாறுகிறவர்களும் அதே கறுப்பு வில் டை கட்டியிருக்கிறார்கள், சாப்பிடுகிறவரும் அதையே கட்டியிருக்கிறார். வரலாறு பழிவாங்கும்போது சத்தமே போடுவதில்லை! டக்சீடோ பார்க்கைக் கட்டிய புரூஸ் பிரைஸின் மகள் யார் தெரியுமா? எமிலி போஸ்ட். 1922ல் 'எட்டிக்கெட்' என்ற நாகரிக விதிப் புத்தகம் எழுதி, யார் எங்கே எதை அணிய வேண்டும் என்று அமெரிக்காவுக்கே பாடம் எடுத்தவர். அப்பா வேலிக்குள் ஊர் கட்டினார். அந்த ஊர் ஒரு விதிமீறலுக்குப் பெயர் கொடுத்தது. மகள் காலத்துக்குள் அந்த மீறல் விதியாகி, புத்தகத்தில் ஏறிவிட்டது. இவ்வளவும் 40 வருடத்துக்குள். 'காலங்காலமான மரபு' என்பதன் வயது பெரும்பாலும் இவ்வளவுதான்.

அதனால் என் கோரிக்கை எளிமையானது. டக்சீடோ பிடித்திருந்தால் போடுங்கள். கல்யாண வரவேற்பில் மே மாத வெயிலில் வியர்த்து வழியப் போடுவது உங்கள் உரிமை. ஆனால் அழைப்பிதழ் எழுதும் பேனா உங்கள் கையில் இருந்தால், உடை பற்றிய அந்த ஒரு வரியை எழுதுவதற்கு முன்னால் அந்த வரியால் யார் வராமல் போவார்கள் என்று எண்ணிப் பாருங்கள். இளவரசர் எட்வர்ட் அந்தக் கோட்டைத் தைத்தது நண்பர்களோடு வசதியாக உட்கார்ந்து சாப்பிடத்தான். நண்பர்களே வராத விருந்தில் அந்தக் கோட்டுக்கு என்ன வேலை?

அடுத்த முறை 'டக்சீடோ என்றால் ஓநாய்' என்று யாராவது துணுக்கு அனுப்பினால், இருக்கலாம் என்று சொல்லுங்கள். கூடவே, அதை உறுதியாகச் சொல்லக்கூடிய மக்கள் அந்த ஏரிக்கரையிலிருந்து துரத்தப்பட்டு எங்கோ வெகு தூரத்தில் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். துணுக்கு கொஞ்சம் நீளமாகிவிடும். பரவாயில்லை.